ஒரு ஆளுக்கு 3,531 ரூபா: தோட்டத்துப் பிரஷர்-சீனி ப்ரொஜெக்ட் ஒன்னோட செலவுக் கணக்கைப் பிரிச்சுப் பாத்தா

ப்ரொஜெக்ட்டுக்குக் காசு குடுத்த டோனருக்குப் போன முதல் வருஷ ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு எண்தான் கொட்டை எழுத்துல இருந்துச்சு, ஒரு ஆளைப் பரிசோதிக்க 3,531 ரூபா. டோனர் கேட்டாங்க, இது ஏன் இவ்வளவு கூடன்னு. எம்.ஓ.எச்., அதாவது அரசாங்கச் சுகாதார அதிகாரி ஓபிஸ்ல கேட்டாங்க, அடுத்த வருஷம் நாங்க பொறுப்பெடுத்தா எங்களுக்கும் இதே காசு வேணுமான்னு. தோட்ட ஓபிஸ்ல கேட்டாங்க, இதுல எங்களுக்கு ஒரு சதம் செலவில்லையே, பெறகு எதுக்கு எங்களை மீட்டிங்குக்குக் கூப்புடுறீங்கன்னு. மூனுமே நியாயமான கேள்வி, ஆனா மூனுல ஒன்னுக்குக்கூட அந்த 3,531 பதில் சொல்லாது. அதை எப்படிப் பிரிச்சோம், உள்ளுக்குள்ள என்ன இருந்துச்சு, எது அதுக்குள்ள வராமலே போச்சுங்கிறதுதான் இந்த எழுத்து.

முன்கூட்டியே ஒன்னு சொல்லிர்றேன். இடம் இலங்கை மலைநாட்டுல, ஹட்டன்ல இருந்து பொகவந்தலாவ போற ரோட்டுப் பக்கம், தோட்டம் எது, ப்ரொஜெக்ட் யாருதுன்னு சொல்லப் போறதில்ல. ப்ரொஜெக்ட்டோட ரூபாக் கணக்கு, ஆள் எண்ணிக்கை எல்லாமே கணக்கு விளங்கணும்னு நானா குத்துமதிப்பாப் போட்ட எண்கள், யாரும் எடுத்து மேற்கோள் காட்டாதீங்க. தோட்டச் சம்பளம், பெட்ரோல் வெல, டொலர் வெல, வெளி ஆய்வுகளோட எண் இதெல்லாம் மட்டும் நெசம்.

என்ன ப்ரொஜெக்ட் இது

2011ல இருந்து நாடு முழுக்க எச்.எல்.சி.ன்னு சொல்ற ஆரோக்கிய வாழ்க்கைமுறை க்ளினிக் நடக்குது, 35 வயசு தாண்டுனவங்க போய்ப் பிரஷர், சீனி, நிறை எல்லாம் சும்மா பாத்துட்டு வரலாம். சும்மாதான், ஆனா பெரும்பாலும் கிழமை நாள்ல காலையில போகணும். தோட்டத்துல வேலை செய்றவங்க பெரட்டுக்கு, அதாவது காலையில ஆள் கணக்கெடுக்கிற எடத்துக்கு, வராம டவுனுக்குப் போனா அன்னைக்குப் பேர் விழாது, நாள் சம்பளம் இல்ல. ப்ரொஜெக்ட் தொடங்குனப்போ, 2021 மார்ச்ல வந்த கணக்குப்படி, ஒரு பேருக்கு 1,000 ரூபா, 900 அடிப்படை 100 மேலதிகம், அதுலயும் கொழுந்து கிலோ காணாட்டி அரைப்பேருன்னு போட்டுர்ற தோட்டங்க இருக்கு. அதனால க்ளினிக் இலவசம்னு போஸ்டர்ல எழுதுனாலும் கொழுந்து எடுக்கிற பொம்பளைக்கு அதோட வெல அப்போ ஆயிரம் ரூபாதான், பஸ் காசு வேற.

ப்ரொஜெக்ட் என்ன செஞ்சுச்சுன்னா க்ளினிக்கைத் தூக்கி டிவிஷனுக்கே, தோட்டத்தோட ஒவ்வொரு பிரிவுக்குமே கொண்டு வந்துச்சு. ஆறு டிவிஷன், 35க்கு மேல சுமார் ஆயிரம் பேர். ஈ.எம்.ஏ.ன்னு சொல்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஐயாவும் அரசாங்க மிட்வைஃப் மிஸ்ஸும் சேர்ந்து பிரஷர் பாக்கிறது, விரல்ல குத்தி சீனி பாக்கிறது, கூடுனவங்களைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கிறது, மருந்து தொடங்குனவங்க விடாம குடிக்கிறாங்களான்னு பின்னால தொடர்ந்து பாக்கிறது. 2022 ஜனவரில ஆரம்பம், அதைவிட மோசமான வருஷம் தேடுனாலும் கெடைக்காது, அதுக்குப் பெறகு வர்றேன்.

தோட்டத்துக்கு வெளிய இருக்கிறவங்களுக்கு இந்த ரெட்டை ஆள் ஏற்பாடு விசித்திரமாத் தெரியும். கிராமத்துல மிட்வைஃப், எம்.ஓ.எச். எல்லாம் அரசாங்கம், 1926ல களுத்துறையில தொடங்குன சுகாதாரப் பிரிவு முறையோட தொடர்ச்சி. தோட்டத்துல சுகாதாரம் ரொம்பக் காலம் துரைமாரோட பொறுப்பு, 1992ல தோட்டங்களோட நிர்வாகம் கம்பெனிக்குப் போன பெறகும் டிஸ்பென்சரி, ஈ.எம்.ஏ., வேலைக்குப் போறவங்களோட பிள்ளைகளைப் பாத்துக்கிற பிள்ளைக் காம்பரா எல்லாம் தோட்டச் சம்பளப் பட்டியல்லயே நின்னுச்சு. அதனால ஒரே க்ளினிக்ல ஒரே மேசையில உக்காந்திருக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு எடத்துல இருந்து சம்பளம். செலவு பாக்கிறவனுக்கு இது தலைவலி, இதுல தெளிவில்லாம எந்த எண்ணும் நிக்காது.

எதைச் செலவுன்னு எடுத்தோம்

சீனி பாக்கிற ஸ்ட்ரிப், மருந்து, மெஷின் இதுங்க சேவையோட செலவு. அந்தச் சேவையை ஒரு எடத்துல கொண்டு போய் நிறுத்துறதுக்கு ஆகிற செலவு வேற: ஆளுங்களைப் பழக்குறது, தொரையோட பேசி சம்மதம் வாங்குறது, சிங்களத்துல இருக்கிற ஃபோர்மைத் தமிழாக்குறது, தலைவர்மாரைக் கூட்டி வச்சுச் சொல்றது, முதல் க்ளினிக்குக்கு முன்னால நடக்கிற மீட்டிங் எல்லாம். நடைமுறைச் செலவுன்னு சொல்றது இந்த ரெண்டாவதை. எங்க எடத்துல மட்டுமில்ல, உலகம் முழுக்க இதைத்தான் எழுத மறக்கிறாங்க. டொக்டர்மாரைச் சிகிச்சை வழிகாட்டிப்படி நடக்க வைக்கிறதுக்கு என்ன வழின்னு பாத்த 235 ஆய்வுகளை க்ரிம்ஷாவும் மத்தவங்களும் 2004ல ஒன்னாச் சேர்த்துப் பாத்தாங்க, அதுல இருந்த 309 ஒப்பீட்டுல ஏதாவது ஒரு செலவுக் கணக்குச் சொன்னது 29.4 வீதம்தான். 2011ல ப்ரொக்டரும் கூட இருந்தவங்களும் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்துச்சான்னு அளக்க எட்டு விஷயத்தை வரிசைப்படுத்துனப்போ அதுல செலவும் ஒன்னு, ஆனா ஏற்றுக்கொள்ளல், கடைப்பிடிப்புன்னு மத்தது பத்தித்தான் எழுதிக் குவிச்சாங்களே தவிர செலவு பத்திக் கம்மி. எனக்குத் தெரிஞ்ச காரணம் ஒன்னு, செலவைக் கேட்டா யாரோ ஒருத்தருக்குப் பில் போகும்.

முறைக்கு நாங்க ரெண்டு எடத்துல கடன் வாங்குனோம். ஒன்னு கொயின்ஸ், அமெரிக்காவுல ஓரிகன் பக்கம் சல்தானாவும் சேம்பர்லெய்னும் செஞ்சது, வளர்ப்புக் குடும்பத்துல பிள்ளைகளை வச்சுச் சிகிச்சை குடுக்கிற ஒரு திட்டத்தைப் பல கவுண்டிகள்ல கொண்டு வந்தப்போ எந்தக் கட்டத்துல எவ்வளவு ஆள் நேரம் போச்சுன்னு பிடிக்கிறதுக்காக. பேச்சுவார்த்தை தொடங்குறதுல இருந்து சொந்தக் கால்ல நிக்கிற வரைக்கும் எட்டுக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் செலவு. எங்களுக்கு எட்டுத் தேவைப்படல, முதல் க்ளினிக்குக்கு முன்னால, பின்னாலன்னு ரெண்டாப் பிரிச்சதே போதும். இன்னொன்னு கப்லானும் அண்டர்சனும் 2004ல எழுதுன நேர அடிப்படைக் கணக்கு: ஒரு ஆளோட ஒரு மணித்தியாலம் எவ்வளவு, ஒரு வேலைக்கு எத்தன மணித்தியாலம், ரெண்டையும் பெருக்கு. அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்னுமில்ல, ஆனா அந்த ரெண்டாவது எண்ணை உண்மையா வாங்குறதுதான் கஷ்டம்.

3,531க்குள்ள

முதல் வருஷம் டோனர் காசுல செலவானது 22 லட்சத்து 60 ஆயிரம். மெஷின்கள் 3 லட்சம், ஸ்ட்ரிப்பும் பஞ்சும் மத்தச் சாமானும் 2.5, ட்ரெய்னிங் 4, வேனும் பெட்ரோலும் 4.5, கோஓடினேட்டர் தம்பியோட சம்பளம் மாசம் 60 ஆயிரப்படி 7.2, அச்சும் மொழிபெயர்ப்பும் 1.4. பரிசோதிச்சது 640 பேரை. வகுத்தா 3,531.

இதுல மெஷின், ட்ரெய்னிங், அச்சு, கோஓடினேட்டரோட முதல் நாலு மாசச் சம்பளம் எல்லாம் கூட்டுனா 10.8 லட்சம், இது தொடக்கச் செலவு. மிச்சம் 11.8 லட்சம்தான் ஓடுற செலவு, ஆளுக்கு 1,844. எம்.ஓ.எச். கேட்ட கேள்விக்கு ஆரம்பப் பதில் இதுதான், பாதிக்கிட்ட கொறைஞ்சிருச்சு பாருங்க. மெஷினைக்கூட ஒரே வருஷத்துல எழுதித் தீக்கிறது சரியில்ல, 15,000 ரூபா பிரஷர் மெஷின் அஞ்சு வருஷம் ஓடும்னா, பின்னால வர்ற காசோட மதிப்பு வருஷத்துக்கு 3 வீதம் கொறையும்னு எடுத்தா, வருஷத்துக்கு 3,275 ரூபாதான் விழும். ஆனா தொடக்கச் செலவு ஒரே தடவைதான்னு நெனச்சு யாரும் சந்தோஷப்பட வேணாம். அஞ்சாவது மாசம் ஒரு தோட்டத்து ஈ.எம்.ஏ. வேற தோட்டத்துக்கு மாறிப் போனாரு, வந்தவருக்கு மறுபடி ட்ரெய்னிங், அது வரைக்கும் அந்த டிவிஷன்ல க்ளினிக் இல்ல. மலைநாட்டுல ஆள் மாறுறது விபத்து இல்ல, வழக்கம். அதனால ட்ரெய்னிங் செலவுல ஒரு பங்கை ஓடுற செலவுலயும் போட்டாகணும், நாங்க வருஷத்துக்கு மூனுல ஒன்னுன்னு எடுத்தோம். அப்ப 1,844 ஆளுக்கு 2,050 பக்கமா ஏறும்.

யாரும் பில் போடாத நேரம்

மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் ப்ரொஜெக்ட் ஒரு சதம் குடுக்கல. அவங்க அரசாங்கச் சம்பளக்காரி, க்ளினிக் நடந்தாலும் நடக்காட்டியும் அதே சம்பளம், அதனால செலவு சைபர்னு ரிப்போர்ட்ல போட்டாச்சு. கணக்கப்பிள்ளை பார்வையில அது சரிதான். ஆனா அவங்க பிரஷர் பாத்துக்கிட்டிருந்த அந்த நாள்ல யாரோ ஒரு பிள்ளையை நிறுக்கல, யாரோ ஒரு கர்ப்பிணியோட வீட்டுக்குப் போகல. 2016 மக்கள்தொகை சுகாதார ஆய்வுல நாட்டுல அஞ்சு வயசுக்குக் கீழ வளர்ச்சி குன்றுன பிள்ளைங்க 17.3 வீதம், தோட்டத்துல மட்டும் 31.7. அந்தப் பிள்ளைங்களுக்குப் போக வேண்டிய நேரம்தான் இங்க வந்துச்சு, அதை சைபர்னு எழுத எனக்குக் கை வரல.

நேரத்தை எப்படி வாங்குறதுங்கிறதுதான் பிரச்சினை. மிட்வைஃப் கையில ஏற்கனவே அடுக்கு அடுக்கா ரெஜிஸ்டர், நாங்களும் ஒரு ஃபோர்மை நீட்டுனா மாசக் கடைசில ஒரே பேனாவுல ஒரே மூச்சுல நிரப்பித் தந்திருவாங்க, அதுக்கு ஒரு மதிப்பும் இல்ல. அதனால மாசத்துக்கு ஒரு வாரம் மட்டும், வாட்ஸ்அப்ல வொய்ஸ் அனுப்பச் சொன்னோம், நடந்து வரும்போதே பேசி அனுப்பிரலாம். அதுல ஒன்னு இப்படி, மூச்சு வாங்க வாங்க: "தம்பி, காலைல ஆறரைக்குக் கெளம்புனேன், பஸ் மேல் டிவிஷனுக்குப் போகாது தெரியும்தானே, கீழ எறங்கி ஒன்ற மைல் நட. க்ளினிக் எட்டரைக்குத் தொடங்கிப் பன்னெண்டரைக்கு முடிஞ்சுச்சு, இன்னைக்குப் பதினோரு பேர்தான். இப்ப வீட்டுக்குப் போய் ரெஜிஸ்டர் எழுதணும், அதையும் போட்டுக்கங்க, அதை யாரும் போடமாட்டீங்க." க்ளினிக் நாலு மணித்தியாலம், ஆனா மிஸ்ஸோட நாள்ல போனது எட்டு. ப்ரொஜெக்ட் ப்ளான்ல இருந்தது நாலு.

மாசம் 60 ஆயிரம், பயன்படுற மணித்தியாலம் 150ன்னு வச்சா மணிக்கு 400. மிஸ்ஸுக்கு ஒரு க்ளினிக்குக்கு 3,200, ஈ.எம்.ஏ. டிவிஷன்லயே இருக்கிறதால ஆறு மணித்தியாலம் 2,400. வருஷத்துல நாப்பது க்ளினிக், மொத்தம் 2 லட்சத்து 24 ஆயிரம். எங்களோட கேள்விப் பத்திரம் நிரப்புன நேரத்தை இதுல சேர்க்கல, அது ஆராய்ச்சிச் செலவு, திட்டத்தை வேற எடத்துல நடத்துறவங்களுக்கு அது தேவைப்படாது. ரெண்டையும் கலந்து வச்சா திட்டம் தேவையில்லாம விலை கூடுனதாத் தெரியும்.

ஈ.எம்.ஏ. ஐயா இதைக் கேட்டுட்டுச் சிரிச்சாரு. "எனக்கு மணி கணக்குப் போடுறீங்க, சந்தோஷம், ஆனா லைன் வீட்டுல இருக்கிற சனத்துக்கு யாரு போடுறது?"

அரைப்பேரும் தேத்தண்ணியும்

டிவிஷனுக்கே க்ளினிக் வந்துருச்சு, இனி சனத்துக்குச் செலவில்லன்னுதான் ப்ரொப்போசல்ல எழுதியிருந்துச்சு. எட்டரை மணி க்ளினிக்குக்கு வரணும்னா பெரட்டை விட்டு வரணும், இல்லாட்டி மலையில இருந்து பாதியில எறங்கணும், பாதியில எறங்குனா கிலோ காணாது, கிலோ காணாட்டி அரைப்பேரு. சில கங்காணிமார் கண்டும் காணாம விட்டாங்க, சில எடத்துல விடல. வந்த 640 பேர்ல தோட்டத்துல பேர் போட்டிருக்கிற 400 பேர் ஆளுக்கு 500 ரூபா இழந்தாங்கன்னு வச்சாலே 2 லட்சம்.

அடுத்தது வெறும் வயிறு. சீனி பாக்கிறதுக்குச் சாப்பிடாம வரச் சொன்னோம். மலைக்குப் போற பொம்பளை விடியக்காலம் எந்திரிச்சு, பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி ஒரு கோப்பையாவது குடிக்காம அந்தக் குளிர்ல வெளிய எறங்குவாளா? எட்டரைக்கு வந்து உக்காந்தா மிஸ் கேப்பாங்க, "சாப்பிட்டீங்களாக்கா?" "இல்ல மிஸ், ஒரு வாய் ரொட்டியும் தேத்தண்ணியும்தான்." அவ்வளவுதான், அன்னைக்கு வந்தது வீண், அடுத்த க்ளினிக்குக்கு வரணும், இன்னொரு அரைப்பேரு போச்சு. அப்படித் திருப்பி அனுப்புனது 150 பேர், 75 ஆயிரம் ரூபா, அதுல எத்தன பேர் திரும்பி வராமலே விட்டாங்கங்கிறது வேற கதை. பட்ஜெட்ல இதுக்குக் கட்டமே இல்ல, ஸ்ட்ரிப் செலவுல அஞ்சு ரூபா மிச்சம் பிடிக்க மூனு மீட்டிங் வச்சவங்க இந்த 75 ஆயிரத்தைப் பாக்கவே இல்லன்னா எனக்குக் கோபம் வருமா வராதா.

பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்த 120 பேருக்கு ஒரு முழுப் பேரு, பஸ்ஸும் த்ரீவீலும் சேர்த்து 600, ஆளுக்கு 1,600, மொத்தம் 1 லட்சத்து 92 ஆயிரம். கூட்டுனா குடும்பங்க கையில இருந்து போனது 4 லட்சத்து 67 ஆயிரம். மிட்வைஃப், ஈ.எம்.ஏ. நேரமும் சேர்த்தா ரிப்போர்ட்டுக்கு வெளிய நின்ன செலவு 6 லட்சத்து 91 ஆயிரம், ரிப்போர்ட்ல இருந்ததுல மூனுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கொறவு. முழுச் செலவு 29 லட்சத்து 51 ஆயிரம், ஆளுக்கு 4,611. இலவச க்ளினிக்குக்கு வந்த ஒவ்வொருத்தரும் சராசரியா 730 ரூபா குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க.

2022 என்ன செஞ்சுச்சு

ஜனவரில ஒக்டேன் 92 பெட்ரோல் லீட்டர் 177 ரூபா, ஜூன் கடைசில 470. அதுவும் காசு இருந்தாலும் கெடைக்காது, வேன் ட்ரைவர் ராத்திரி பூரா க்யூல கிடந்தாரு, ஜூலைல பெட்ரோலைப் பங்கு வச்சுக் குடுக்கிற க்யூ.ஆர். முறை வந்த பெறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டுச்சு. க்ளினிக்குகள் நின்னுச்சு, ஓடுன தூரம் கொறைஞ்சுச்சு, வேன் செலவு மட்டும் கூடிக்கிட்டே போச்சு. இதை அப்படியே அடுத்த வருஷ பட்ஜெட்டுக்கு அடிப்படையா எடுத்தா பைத்தியக்காரத்தனம். நாங்க தப்பிச்சது ஒரே காரணத்தால, தொடக்கத்துல இருந்தே கிலோமீட்டர், லீட்டர், மணித்தியாலம்னு அளவை ஒரு கட்டத்துலயும் வெலையை அடுத்த கட்டத்துலயும் தனித்தனியா எழுதி வச்சிருந்தோம். எந்த வருஷத்து வெலையை வேணும்னாலும் போட்டு மறுபடி கணக்குப் பாக்கலாம். ரசீது மட்டும் வச்சிருந்தா அந்த வருஷக் கணக்கு முழுக்கக் குப்பை.

டொலர்ல பாத்தா இன்னும் வேடிக்கை. மார்ச்ல ரூபாயை மிதக்க விட முன்னால ஒரு டொலர் 200 ரூபா சொச்சம், மே மாசம் ஆகும்போது 360 பக்கம். அதே 3,531ஐ 200ஆல வகுத்தா 17 டொலர் 66 சதம், 360ஆல வகுத்தா 9 டொலர் 81 சதம். ஒரு ஊசிகூட மாறல, ஆனா டோனரோட பேப்பர்ல ப்ரொஜெக்ட் பாதி விலைக்கு வந்துருச்சு, "செயல்திறன் முன்னேற்றம்"னு ஒரு வரிகூட எழுதப் பாத்தாங்க. அந்த வரியை எடுக்க வைக்க ரெண்டு ஸூம் மீட்டிங் போச்சு.

எதால வகுக்கிறது

டோனர் கூடன்னு சொன்னதுக்குப் பின்னால ஒரு ஆய்வு இருந்துச்சு. கோப்ரா-பி.பி.எஸ்.ன்னு பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை மூனு நாட்டுல 30 கிராமப்புறச் சமூகங்கள்ல 2,645 பேரை வச்சுச் செஞ்ச பிரஷர் ஆய்வு, 2020ல வெளிவந்துச்சு. சமூகச் சுகாதார ஊழியர்கள், நம்ம நாட்டுல மிட்வைஃப்மார், வீடு வீடாப் போய்ப் பிரஷர் பாத்து ஆலோசனை சொன்னாங்க, ரெண்டு வருஷத்துல மத்தக் குழுவைவிட மேல் பிரஷர் சராசரியா 5 புள்ளி கூடுதலாக் கொறைஞ்சுச்சு. நல்ல ஆய்வு, எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல. அதோட செலவுக் கணக்கு 2021ல வந்தப்போ முதல் வருஷத்துக்கு ஆளுக்கு பங்களாதேஷ்ல 10.65 டொலர், பாகிஸ்தான்ல 10.25, இலங்கைல 6.42. டோனர் இந்த 6.42ஐத்தான் எங்க தலையில போட்டாங்க.

ஆனா அந்த 6.42 நாட்டுல பிரஷர் இருக்கிற தகுதியான எல்லாருக்கும் திட்டத்தை விரிச்சா வர்ற சராசரி. ட்ரெய்னிங் செலவு லட்சக் கணக்கான ஆள் மேல பரவும். ஆறு டிவிஷன்ல ஒரு ட்ரெய்னிங்கோட முழுப் பாரமும் 640 தலையில விழும். ரெண்டுல எது சரின்னு சண்டை போட ஒன்னுமில்ல, ரெண்டும் வேற வேற கேள்விக்கு விடை. இன்னொன்னு, அவங்க வகுத்தது பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சவங்களால, நாங்க வகுத்தது வந்து உக்காந்து கை நீட்டுன எல்லாராலயும்.

இந்த வகுக்கிற எண்ணுலதான் நெறைய ரிப்போர்ட் தப்பிச்சுப் போகுது. 640 பேரைப் பரிசோதிச்சோம், அதுல பிரஷரோ சீனியோ கூடி இருந்தது 190 பேர், வருஷக் கடைசில மருந்தை விடாம இருந்தது 85 பேர். பரிசோதிச்ச ஆளுக்கு 3,531 ரூபான்னா, மருந்துல நிலைச்ச ஆளுக்கு 26,588. எல்லாச் செலவும் சேர்த்தா 34,718. க்ளினிக் கொப்பில பேர் ஏறுறதுக்கா காசு செலவழிச்சோம், பிரஷர் எறங்குறதுக்குத்தானே. பரிசோதிச்ச ஆளைக் கூட்டிக்கிட்டே போனா முதல் எண் அழகாக் கொறையும், இந்த ரெண்டாவது எண் அசையாது.

மாத்துனது

ரெண்டாவது வருஷம் சீனியைச் சாப்பிட்ட வயித்துலயே முதல்ல பாத்துட்டு, கூடி இருக்கிறவங்களை மட்டும் வெறும் வயித்துல வரச் சொன்னோம். க்ளினிக்கை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தி, பிள்ளைக் காம்பரா அன்னைக்குக் காலியாத்தானே இருக்கும்னு அங்கயே வச்சோம். வெறும் வயித்துக்காரங்களுக்கு காலைல ஏழு மணி, பாத்து முடிச்சதும் அங்கயே தேத்தண்ணியும் பணிஸும். நாப்பது க்ளினிக்கோட வேலை 24 ஞாயித்துக்கிழமைல முடிஞ்சுச்சு, ஏன்னா வந்த கூட்டம் கூட, ஆம்பளைங்களும் வந்தாங்க, கொழும்புல வேலை செய்ற பிள்ளைங்க லீவுல வந்திருந்தா அப்பாவைக் கையோட கூட்டிட்டு வந்தாங்க.

செலவுக் கணக்குல என்ன ஆச்சுன்னு பாருங்க. மிஸ்ஸுக்கும் ஈ.எம்.ஏ.க்கும் ஞாயித்துக்கிழமைக் கொடுப்பனவு ஆளுக்கு 2,000, மொத்தம் 96 ஆயிரம், இது டோனர் பட்ஜெட்ல புதுசா ஏறுன வரி. குடும்பங்க இழந்துக்கிட்டிருந்த அரைப்பேருக் காசு, முதல் வரவுக்கு 2 லட்சமும் திரும்ப வந்ததுக்கு 75 ஆயிரமும், இல்லாமப் போச்சு. பெட்ரோல் மிச்சத்தைச் சேர்க்காமலே நாட்டுக்கு 1 லட்சத்து 79 ஆயிரம் லாபம், ஆனா ரிப்போர்ட்ல மட்டும் பாத்தா செலவு 96 ஆயிரம் கூடியிருக்கு. டோனரோட ஃபினான்ஸ் ஆள் முதல்ல கேட்டது அந்த 96 ஆயிரத்தைத்தான். அவரைக் குத்தம் சொல்லவும் முடியல, அவர் கையில குடுத்த தாள்ல குடும்பங்களுக்கு ஒரு பத்தியே இல்லாதப்போ அவருக்கு எப்படித் தெரியும். மிஸ்ஸோட ஞாயித்துக்கிழமை போறதும் ஒரு செலவுதான், அவங்களுக்கும் வீடு பிள்ளைகள் இருக்கு, 2,000 ரூபா அதுக்கு ஈடாகுமான்னு அவங்ககிட்டயே கேட்டோம், காசுக்குப் பதிலா லீவு வேணும்னுதான் சொன்னாங்க.

கைமாத்துற நேரம்

எம்.ஓ.எச்.க்கு நாங்க கடைசில குடுத்த தாள்ல ஒவ்வொரு வரிக்கும் அஞ்சு பத்தி: என்ன வேலை, எவ்வளவு அளவு, ஒன்னோட வெல, ஒரு தடவையா திரும்பத் திரும்பவா, யார் கையில இருந்து போகுது. கடைசிப் பத்தியை நிரப்ப உக்காந்தப்போதான் உண்மையான பேச்சுவார்த்தையே தொடங்குச்சு, அது வரைக்கும் எல்லாரும் தலையாட்டிக்கிட்டு இருந்தாங்க. ஸ்ட்ரிப்பையும் மெஷினையும் அவங்க எடுத்துக்கிறதாச் சொன்னாங்க. மிட்வைஃபோட ஞாயித்துக்கிழமைக்குப் பதில் லீவு குடுக்க மேலிடத்துக்கு எழுதியிருக்காங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போற நாளைக்கு அரைப்பேரு போடுறதா ஒரு தோட்டத்து தொரை ரெண்டு டிவிஷனுக்கு ஒத்துக்கிட்டாரு, மத்த நாலு டிவிஷன்ல இன்னும் இல்ல.

யாரும் கை வைக்காத வரி கோஓடினேட்டர் தம்பியோடது. அவரோட ஓடுற செலவு 4.8 லட்சத்துல நாப்பது வீதம், அதாவது 1 லட்சத்து 92 ஆயிரம், வராம விட்டவங்களுக்குப் போன் அடிக்கிறதுக்கும் லைனுக்குப் போய்க் கூப்புடுறதுக்கும் போன நேரம். அந்த 85 பேர் மருந்துல நிலைச்சதுக்கு இந்த வேலைதான் காரணம்னு மிஸ்ஸும் ஈ.எம்.ஏ.யும் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நெனைக்கிறேன், ஆனா எந்த அரசாங்கப் பதவியோட கடமைப் பட்டியல்லயும் இது இல்ல. பிள்ளைக் காம்பரா அக்காமாரே இதைச் செய்யலாம், அவங்களுக்கு லைன்ல யார் எந்த வீட்டுல இருக்காங்க, யார் மருந்தை ஜன்னல்ல வச்சுட்டு மறந்துட்டாங்கன்னு எல்லாம் தெரியும். டிவிஷனுக்கு ஒருத்தர், மாசம் 2,500 ரூபா, ஆறு பேருக்கு வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். பாதி எம்.ஓ.எச்., பாதி தோட்டம்னு எழுதிக் குடுத்திருக்கேன். தோட்டத்தோட பங்கு ஒரு டிவிஷனுக்கு மாசம் 1,250 ரூபா, 2024 செப்டம்பர்ல 1,350 ஆன ஒரு நாள் பேருக்கும் நூறு ரூபா கொறவு.